கடல் தாண்டிப் போகும் குடும்பத்தைக் கரையிலிருந்து தாங்க: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு மிஷனெரிப் பணிக்குப் புறப்படும் குடும்பங்களைத் தாங்குவது பற்றி பாம்பன் முதல் தொண்டி வரை பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, சுருக்கித் தருகிறோம்.

என் மகன் ஆசிரியர், மருமகள் நர்ஸ். இரண்டு பிள்ளைகளோடு உகாண்டாவில் ஒரு மிஷன் பள்ளிக்குப் போக அழைப்பு வந்திருக்கிறது. எங்கள் சபையில் 60 குடும்பங்கள். பெரும்பாலானோர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்கள். மாதம் இவ்வளவு தருகிறோம் என்று பொருத்தனை அட்டையில் ஆசையாக எழுதுகிறார்கள். ஏப்ரல், மே வந்தால் நின்றுபோகிறது. கேட்கவும் மனம் வரவில்லை.
— பாம்பன் வாசகி

கேட்க மனம் வராதது நியாயம்தான் அம்மா. தவறு கொடுப்பவர்களிடம் இல்லை, அட்டையில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கென்று அச்சடித்த அட்டையைப் பங்குக்காரர் கையில் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் கூண்டு ஏறினால் வாரக்கணக்கில் படகு கட்டிக் கிடக்கும். மற்ற நாட்களிலும் உங்கள் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரித்த பிறகு கையில் நிற்பது நாளுக்கு நாள் மாறும்.

ஆகவே அட்டையில் 'மாதம் ரூ. ___' என்ற ஒரே வரியை எடுத்துவிட்டு மூன்று வரி போடுங்கள்: 'கடலுக்குப் போன நாளுக்கு ரூ. ___', 'மாதம் ரூ. ___', 'வருடத்துக்கு ஒருமுறை ரூ. ___'. ஒருவர் ஏதாவது ஒன்றை மட்டும் நிரப்பினால் போதும். கடலுக்குப் போன நாளுக்கு 20 ரூபாய் என்று ஒருவர் எழுதி, வருடத்தில் 90 நாள் போனால் 1,800 ரூபாய். மீன்பாடு இல்லாத நாளில் அவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. இது அவருக்குப் பெரிய விடுதலை. கடற்பாசி வளர்க்கும் பெண்கள் 45 நாளுக்கு ஒரு அறுவடை எடுக்கிறார்கள். அவர்களுக்கு 'அறுவடைக்கு ரூ. ___' என்று எழுதிக்கொடுங்கள்.

அடுத்தது இருப்பு. உங்கள் சபை இந்தக் குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபாய் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 72,000. இதை 12-ஆல் வகுக்காமல் 9-ஆல் வகுக்க வேண்டும். ஜூலை முதல் மார்ச் வரை மாதம் 8,000 திரட்டி, 6,000 அனுப்பி, 2,000 நிறுத்தி வையுங்கள். மார்ச் 31-ல் இருப்பு 18,000 இருக்கும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அதிலிருந்து போகும். தடைக்காலத்தில் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. இந்த இருப்பைச் சபைக் கட்டடம், திருவிழா எதற்கும் கைமாற்றாக எடுக்கக்கூடாது என்று கமிட்டி மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானமாகவே எழுதுங்கள். ஜூலையில் திருப்பிப் போடலாம் என்று எடுத்த தொகை திரும்பி வருவது அபூர்வம்.

இரண்டு பேரிடம் கேட்காதீர்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்த வாரத்தில் எந்த வீட்டிலும் கேட்காதீர்கள். அது அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வந்த பணம். சம்மாட்டியிடமோ (படகு உரிமையாளர்) மீன் வியாபாரியிடமோ முன்பணம் வாங்கி, பங்கில் கழித்துக்கொண்டிருப்பவரிடம் பெரிய தொகை கேட்காதீர்கள். அவர் குழுக்கடன் எடுத்தாவது கொடுத்துவிடுவார். கடன் வாங்கிக் கொடுத்த காணிக்கையால் அந்த வீட்டில் சண்டை வரும், ஊழியத்தின்மேல் கசப்பு வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 60 குடும்பத்தில் 40 பேர் 1,800 வீதம் கொடுத்தால் அதே 72,000, அதாவது மாதம் 6,000தான். நால்வர் அடங்கிய குடும்பம் அங்கே வாழ இது போதாது. உங்கள் சபை தாய்ச் சபையாக நின்று, இதுபோல் பத்துப் பன்னிரண்டு சபைகளையும், ராமநாதபுரம், மதுரை, சென்னையில் மாதச் சம்பளம் வாங்கும் பங்காளர்களையும் சேர்க்க வேண்டும். கரையோரத்துப் பங்கு சிறியது என்று கூச்சப்படவே வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு தேவை என்று எப்படிக் கணக்கிடுவது? எவ்வளவு சேர்ந்தபின் டிக்கெட் எடுக்கலாம்?
— தேவிபட்டினம் வாசகர்

புறப்படும் செலவையும் மாதச் செலவையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். இரண்டும் கலந்தால், முதல் ஆண்டு மாதப் பணம் சோபாவிலும் கட்டிலிலும் போய்விடும்.

புறப்படும் செலவில் பாஸ்போர்ட், விசா, வேலை அனுமதி, டிக்கெட், தடுப்பூசி, வீட்டு அட்வான்ஸ், பாத்திரம் பண்டம், மொழிப் பயிற்சிக் கட்டணம் வரும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் என்பதால் இரண்டாவது பணிக்காலத்தில் மறுபடி செலவு வரும். உகாண்டா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும், முன்பதிவும் வேண்டும். டிக்கெட் தேதிக்கு முந்தின வாரம் இதற்கு ஓடுபவர்கள் உண்டு.

மாதச் செலவில் வாடகை, சாப்பாடு, பள்ளி, போக்குவரத்து ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொகைகளை இங்கிருந்து ஊகிக்காமல், அதே ஊரில் இப்போது வாழும் ஒரு இந்தியக் குடும்பத்திடம் மூன்று மாத வீட்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். விட்டுப்போகும் வரிகள் வேறு: மருத்துவக் காப்பீடு, விசா புதுப்பித்தல், ஓய்வுக்காலச் சேமிப்பு, ஊரில் இருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவு, ஊர் திரும்பும் டிக்கெட். இந்தக் கடைசி வரிதான் குடும்பங்களைத் தவிக்கவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நால்வர் வந்துபோக டிக்கெட் ஒன்று 60,000 என்று வைத்தால் 2,40,000. 24 மாதத்துக்கு மாதம் 10,000 ஒதுக்க வேண்டும். ஒதுக்காத குடும்பம், அப்பாவின் அடக்கத்துக்கு வர இங்கே வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.

எல்லாம் கூட்டியபின் ரூபாய் மதிப்பு இறங்குவதற்காகப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 80,000 என்றால் இலக்கு 88,000.

எப்போது டிக்கெட் எடுக்கலாம்? புறப்படும் செலவு முழுதும் கணக்கில் இருக்க வேண்டும். மாத இலக்கு முழுதும் பெயரோடு அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதோடு, எழுதினவர்களிடமிருந்து தொடர்ந்து மூன்று மாதம் உண்மையில் பணம் வந்திருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஜெபக்கூட்டத்தின் உருக்கத்தில் கையை உயர்த்தினவர்களில் சிலர் முதல் மாதமே கொடுக்கமாட்டார்கள். குடும்பம் கம்பாலா போய் இறங்கிய பிறகு அது தெரிவதைவிட, இங்கே இருக்கும்போதே தெரிவது நல்லது. அந்த மூன்று மாதப் பணம் செலவாகாமல் அவசர இருப்பாகவும் நிற்கும்.

'விசுவாசத்தோடு புறப்படுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. பவுலே எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது யாரும் குறைசொல்ல இடமிருக்கக்கூடாது என்று சபைகள் நியமித்த சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள்.

போகப்போகும் தம்பியின் சொந்த வங்கிக் கணக்குக்கு க்யூஆர் அட்டை அடித்து ஆலய வாசலில் ஒட்டியிருக்கிறோம். எல்லோரும் ஸ்கேன் செய்து போடுகிறார்கள். சுலபமாக இருக்கிறது. இது சரிதானே?
— மண்டபம் வாசகர்

சரியில்லை, இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஒருவர் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வாங்கும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத்தொகைக்கும் அவர் வருமானமாகக் கணக்குக் காட்ட வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் உறவினர் என்பது பெற்றோர், உடன்பிறந்தார், அவர்களின் துணைவர், பெற்றோரின் உடன்பிறந்தார், நேர்வழி முன்னோர், பிள்ளைகள் என்று ஒரு வரையறைக்குள் நிற்கிறது. சித்தப்பா மகன் வரமாட்டார். சபையில் 'அண்ணன்' என்று கூப்பிடுபவர் யாரும் வரமாட்டார். ஐம்பது பேர் மாதம் 200 போட்டாலே வருடத்துக்கு 1,20,000 ஆகிவிடும். வரியைவிடப் பெரிய சங்கடம், தம்பியின் வீட்டுப் பணமும் ஊழியப் பணமும் ஒரே பாஸ்புக்கில் கலப்பது. யார் கேட்டாலும் பிரித்துக் காட்ட முடியாது.

பணம் சபைக் கணக்குக்கோ, பதிவுபெற்ற மிஷனெரி சங்கத்தின் கணக்குக்கோ வரவேண்டும். சி.எஸ்.ஐ. சபையானால் சேகரக் கமிட்டி வழியாகத் திருமண்டல அலுவலகத்தில் கேட்டு, இந்த நிதிக்குத் தனித் தலைப்பு வாங்குங்கள். தனிச்சபையாக இருந்து டிரஸ்ட் பதிவே இல்லையென்றால், போதகரின் சேமிப்புக் கணக்கில் வாங்குவது அதே சிக்கலைப் போதகர் தலையில் வைப்பதுதான். அப்படிப்பட்ட சபைகளுக்குச் சங்கத்தோடு சேர்ந்து அனுப்புவதே பாதுகாப்பு. சங்கம் தம்பியைத் தன் ஊழியராக எடுத்து மாத ஊதியமாகக் கொடுக்கும். அது ஒழுங்கான வருமானமாக ரிட்டர்னில் வரும்.

சேரும் முன் சங்கத்திடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் உத்தரவு இல்லாமல் அந்தச் செலவுக்கு வரிவிலக்கு கிடையாது. 'இதை உங்கள் ஆடிட்டர் எப்படிக் கையாளுகிறார்?' என்று கேட்டால் நல்ல சங்கம் தெளிவாகப் பதில் தரும். மழுப்பினால் வேறு சங்கம் பாருங்கள்.

கொடுப்பவர்களுக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி ரசீது கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்துக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்கு 80ஜி கிடைக்காது. பள்ளி, மருத்துவம் செய்யும் சில சங்கங்களுக்கு உண்டு. அப்படி இருந்தாலும் ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவு இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. 'வரி மிச்சமாகும்' என்று சொல்லிக் காணிக்கை கேட்காதீர்கள். பிறகு ஏமாற்றிவிட்டதாகப் பேச்சு வரும்.

ரொக்கம் எண்ணும்போது ஒரே வீட்டைச் சேராத மூன்று பேர் எண்ண வேண்டும். எண் போட்ட ரசீதுப் புத்தகத்தில் அடிக்கட்டையோடு எழுதி, திங்கட்கிழமையே வங்கியில் கட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது, அபராதம் வாங்கினவருக்குத்தான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வருமா?
— தொண்டி வாசகர்

கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் அளவு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு குவைத்தில் வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கினவர் நம் ஊரில் பிறந்திருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. (நீங்கள் கேட்ட அதே வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாத சபைக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பதிவுள்ள சங்கத்துக்கு, டெல்லி ஸ்டேட் பாங்க் தலைமைக் கிளையில் இருக்கும் அதன் தனிக் கணக்குக்கு அவர் நேரே அனுப்பலாம். அந்தச் சங்கம் அதை வேறு சபைக்கு மாற்றிக்கொடுக்க 2020 திருத்தத்துக்குப் பின் அனுமதி இல்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் சொந்த அண்ணனாக இருந்து, தம்பி குடும்பத்துக்குத் தனிப்பட்ட உதவியாகத் தந்தால், வருடம் 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் பணம் மாற்றும் உண்டியல் (ஹவாலா) வழியாக அனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள். கமிஷன் குறைவு, வீட்டு வாசலில் பணம் வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். ஊழியக் கணக்கில் அந்தப் பணம் நுழைந்தால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்குள் போகும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கைப்பிடி அரிசி எடுக்கிறோம். மாதம் ஒருமுறை ஏலம் விட்டால் விலை போவதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கூவினவர்களும் பணம் தருவதில்லை.
— சாயல்குடி வாசகிகள்

கைப்பிடி அரிசியை லேசாக எண்ணாதீர்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைக்கும் வழக்கத்தை 1910-ல் தொடங்கினார்கள். இன்றும் அந்தச் சபையின் மிஷன் பணிக்கு அது ஒரு தூண்.

உங்களுக்கு விலை போகாததற்குக் காரணம் இரண்டு இருக்கும். ஒன்று கடல் காற்று. ஈரம் ஏறிய அரிசியில் ஒரு மாதத்துக்குள் வண்டு விழும், வாடை வரும். வாரந்தோறும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுங்கள். இரண்டாவது கலப்பு. பொன்னியும் இட்லி அரிசியும் ஒரே மூட்டையில் விழுந்தால் கோழித்தீவன விலைக்குத்தான் கேட்பார்கள். மூடியுள்ள இரண்டு டிரம் வைத்து, புழுங்கல் சாப்பாட்டு அரிசி ஒன்றில், இட்லி அரிசி இன்னொன்றில் கொட்டச் சொல்லுங்கள். பிடிக்கு 50 கிராம் என்றால் நாளுக்கு ஒரு பிடிக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. 40 வீட்டில் 60 கிலோ. கிலோ 50 ரூபாய்க்குப் போனாலும் 3,000 ரூபாய்.

ரேஷன் அரிசியை மட்டும் ஏலத்தில் சேர்க்காதீர்கள். இலவசமாக வந்த அரிசியை விற்பது குற்றம்; விற்பது ஆலயமாக இருந்தாலும் குற்றம்தான். ரேஷன் அரிசி மட்டுமே பொங்கும் வீட்டார் ஒரு முட்டையோ, ஒரு தேங்காயோ, இரண்டு ரூபாயோ கொடுக்கட்டும். அவர்களுக்கு இதைத் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள்; மைக்கில் சொன்னால் கூசிப்போய் அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார்கள்.

பண்டிகை ஏலத்தில் ஒரு சேவல் 4,000-க்குப் போவது சந்தோஷம்தான். ஆனால் கூவும்போதே ஒருவர் பக்கத்தில் நின்று பெயர், பொருள், தொகை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசித் தேதி அடுத்த ஞாயிறு. பணம் கைக்கு வரும்வரை அந்தத் தொகையை மிஷனெரிக் குடும்பத்துக்கு அறிவிக்காதீர்கள். அறிவித்த தொகையை நம்பி அவர்கள் அங்கே பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை சொல்லியிருப்பார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பங்கில் குடும்பமாக இப்படித் திரட்டும் வழக்கம் இல்லை. நாங்கள் எப்படிப் பங்குபெறுவது?
— தங்கச்சிமடம் வாசகர்

உங்களுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறு. அன்றைய காணிக்கை முழுதும் உலகெங்கும் உள்ள மறைபரப்புப் பகுதிகளுக்குப் போகிறது. இதன் வேர் பிரான்சின் லியோன் நகரில் 1822-ல் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சபை. பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஆளுக்கு வாரம் ஒரு சிறு காசு வாங்கினார். பத்துக்கு ஒரு பொறுப்பாளர், நூறுக்கு ஒருவர், ஆயிரத்துக்கு ஒருவர். கொடுத்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள். அன்பியங்கள் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்) உள்ள உங்கள் பங்கில் இதை அப்படியே செய்யலாம்: அன்பியத்துக்கு ஒரு பொறுப்பாளர், வாரம் பத்து ரூபாய், அக்டோபரில் பங்குத்தந்தையிடம் ஒப்படைப்பு. வார வசூல் என்பதால் கடல் இல்லாத வாரம் விட்டுப்போனாலும் பாரமாகாது. மற்ற சபையாரும் இந்தப் பத்துப்பேர் முறையைக் கவனிக்கலாம்.

பணத்தை அங்கே அனுப்பும்போது பாதியில் குறைகிறது. ஏன்?
— ராமநாதபுரம் வாசகர்

உங்கள் வங்கிக் கட்டணம், மாற்று விகிதத்தில் வங்கி வைக்கும் லாபம், ஜிஎஸ்டி, இடையில் நிற்கும் வங்கி எடுப்பது, அங்கே இறங்கும் வங்கி எடுப்பது என்று ஐந்து இடத்தில் கழிகிறது. மாற்று விகிதமும் ஜிஎஸ்டியும் தொகையைப் பொறுத்து நகரும். மற்றவை பெரும்பாலும் தடவைக்கு இவ்வளவு என்று நிற்கும். அதனால் மாதம் நாலு தடவை 20,000 அனுப்புவதைவிட ஒரே தடவை 80,000 அனுப்புங்கள். விண்ணப்பத்தில் 'கட்டணம் முழுதும் அனுப்புபவருக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அங்கே இறங்கும் தொகை குறையாது. தனிநபர் அனுப்ப பான் அட்டையும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி தரும் ஏ2 படிவமும் வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டியதற்கு 20 சதவீதம் முன்வரி பிடிப்பார்கள்; ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். இந்தத் தனிநபர் திட்டத்தில் டிரஸ்ட் பெயரில் அனுப்ப முடியாது. நேபாளத்துக்கு மட்டும் தனிவழி: நம் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே, ஒரு தடவைக்கு 2 லட்சம் வரை அனுப்பலாம், செலவும் குறைவு.

போகிறவர் வேலைக்காக வெளிநாட்டில் குடியேறிய பின், இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான) கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நேபாளத்தில் இருக்கும் எங்கள் மிஷனெரியின் படங்களைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் ஜனங்கள் உற்சாகமாகக் கொடுக்கிறார்கள். அவர் போடவேண்டாம் என்கிறார்.
— ஏர்வாடி வாசகர்

அவர் சொல்வதைக் கேளுங்கள். நேபாள அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. குற்றவியல் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடு கடத்துவார்கள். நீங்கள் போட்ட ஒரு ஞானஸ்நானப் படம் நாலு குழு தாண்டினால் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அவர் ஒருவேளை ஊர் திரும்பிவிடலாம். படத்தில் இருக்கும் உள்ளூர்க்காரருக்கு அந்த ஊரைவிட்டால் போக இடமில்லை.

அதற்குப் பதிலாக மாதம் ஒரு பக்க ஜெபக்கடிதம் அச்சடித்து ஆலயத்தில் கையில் கொடுங்கள். ஊர்ப் பெயர், உள்ளூர்க்காரர் பெயர், முகம் எதுவும் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, மொழிப் பரீட்சையில் தேறியது, மழையில் கூரை ஒழுகியது என்று வீட்டுச் செய்தி இருந்தாலே நம் ஜனங்கள் உருகி ஜெபிப்பார்கள். கடிதத்தின் கீழே வரவு, அனுப்பியது, இருப்பு என்று மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும். பொருத்தனை நின்றுபோனவரின் பெயரை மட்டும் அதில் போடவேண்டாம். இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பொருளாளர் வீட்டுக்குப் போய், முதலில் வீட்டில் என்ன கஷ்டம் என்று விசாரிக்கட்டும்.